செமி-ஆட்டோ 12 போர் அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பழுது காண்பது

தேர்தல் முடிந்து, ஒப்படைத்த துப்பாக்கிகள் ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பும் சமயம் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து தை பிறக்கும் சமயம் இன்னொன்று. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தடவை சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிதான் செமி-ஆட்டோ. உரிமம் பெற்ற பழுதுபார்ப்புக் கடையில் அவை வந்து குவிவது இந்த இரண்டு சமயத்தில்தான். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிற துப்பாக்கிகளில் உண்மையாகவே எதுவும் உடைந்திருப்பது அபூர்வம். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று தெரியாமல் வந்தது, ஈரம் ஏறி வந்தது, தேங்காய் எண்ணெய் விட்டு வந்தது என்று மூன்று ரகத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கீழே உள்ளது குழலுக்கு அடியில் குழாய் மேகசின் (தோட்டாக்களை வரிசையாக அடக்கி வைக்கும் குழாய்) உள்ள 12 போர் செமி-ஆட்டோவுக்கு மட்டும். போர் என்பது குழல் துளையின் அளவு. பொத்தான் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். கூட வந்த கையேடு இருந்தால் அதில் சொன்னபடியே செய்யுங்கள்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் காலி செய்யுங்கள்

இரட்டைக்குழலில் பழகிய கைகளுக்குத்தான் இந்தப் பகுதி. அதை மடக்கித் திறந்தால் தோட்டா உட்காரும் இரண்டு அறையும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். செமி-ஆட்டோவில் அறையில் ஒரு தோட்டா இருக்கும், குழாயில் இரண்டோ நாலோ இருக்கும். போல்டை (அறையை மூடித் திறக்கும் இரும்புத் துண்டு) ஒரு தடவை இழுத்து, வெளியே விழுந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "காலிதான்" என்று சுவரில் சாய்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். பல மாடல்களில் அந்த ஒரே இழுப்பில் குழாயிலிருந்த அடுத்த தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

முனையை மண் தரைப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரையும் ஓட்டுக் கூரையும் வேண்டாம். விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும், சேஃப்டி போட்டிருக்கட்டும். தோட்டா வருவது நிற்கும் வரை போல்டை இழுத்து விடுங்கள். அப்புறம் போல்டைப் பின்னால் நிறுத்தி, சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். துப்பாக்கியைத் திருப்பி, அடிப்பக்கத் திறப்பு வழியாகக் குழாய் வாயையும் விரலால் தொடுங்கள். தட்டையான தகடோ பிளாஸ்டிக் மூடியோ ஸ்பிரிங்கோடு அமுங்கினால் குழாய் காலி. பித்தளை விளிம்பு தட்டுப்பட்டால் இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது.

எடுத்த தோட்டாக்களை வீட்டின் வேறொரு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். தோட்டா ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டா மட்டும்தான். உயிர்த் தோட்டாவைப் போட்டு வீட்டுத் திண்ணையில் சோதிக்கிற வேலையே கூடாது.

## போல்ட் பின்னாலேயே நிற்கிறது, முன்னே வரவில்லை

கைப்பிடியைப் பிடித்து முன்பக்கம் தள்ளித் தள்ளிக் கை சிவந்தவர்கள் வருவார்கள். அது பழுதல்ல. கடைசித் தோட்டா போனதும் போல்ட் அங்கேயே நிற்க வேண்டும், அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். வலப்பக்கம், சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியேறும் சன்னலுக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் போல்ட் ஓடி வந்து மூடிக்கொள்ளும். ரெமிங்டன் 1100 மாதிரி பழைய மாடல்களில் அந்தப் பொத்தான் பக்கத்தில் இருக்காது, அடியில் தோட்டா தூக்கும் தகட்டிலேயே இருக்கும். விரலைச் சன்னலுக்குள் வைத்துக்கொண்டு அழுத்தாதீர்கள். நகம் போய்விடும்.

அழுத்தியும் வரவில்லையா? பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். அறுவடைச் சமயத்தில் களத்துப் பக்கம் போய் வந்த துப்பாக்கி என்றால் பதரும் வைக்கோல் தூளும் தகட்டுக்கு அடியில் சிக்கியிருக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே போதும். அப்படியும் அசையாவிட்டால் சுத்தியலை எடுக்காமல் கடைக்கு எடுத்து வாருங்கள்.

## நேர்மாறாக, போல்ட் பின்னால் நிற்கவே மாட்டேன் என்கிறது

பெனெல்லி கம்பெனி வகைத் துப்பாக்கிகளில் காலியாக இருக்கும்போது வெறுமனே இழுத்தால் நிற்காது. விசைக்கூட்டுக்கு முன்னால் வலப்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதை அழுத்திவிட்டு இழுத்தால் நிற்கும். குழாயிலிருந்து ஒரு தோட்டாவை இறக்கிவிடுவதும் அதே நெம்புகோல்தான். அதனால் குழாயில் தோட்டா இருக்கும்போது விளையாட்டுக்குக்கூட அதைத் தொடக் கூடாது. முன்பு நின்றுகொண்டிருந்த போல்ட் இப்போது நழுவுகிறது என்றால் பிடிக்கும் பல் தேய்ந்திருக்கலாம். அது கடை வேலை.

## தோட்டா குழாய்க்குள் போகவில்லை

முதலில் போல்ட் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் போல்டை மூடிவிட்டுத்தான் குழாயை நிரப்ப வேண்டும். முதல் தோட்டா சன்னல் வழியாக அறைக்கு, மற்றவை அடிவழியாகக் குழாய்க்கு. 1100-இல் தகட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டேதான் தோட்டாவைத் தள்ள முடியும்.

பாதி போய்த் திரும்பி வெளியே துள்ளுகிறதா? நீங்கள் போதுமான அளவுக்குத் தள்ளவில்லை. கட்டைவிரல் உள்ளே போகும் வரை தள்ளினால் "டிக்" என்று பிடிப்பு விழும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் விரலை எடுக்க வேண்டும்.

இரண்டுக்கு மேல் போகவில்லை என்று வருகிறவர்களுக்குப் பழுதே இல்லை. வெளிநாட்டில் பறவை வேட்டைக்கு மொத்தம் மூன்று தோட்டா என்று வரம்பு இருப்பதால் குழாய்க்குள் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு அடைப்புக் குச்சி வைத்து அனுப்புவார்கள். துப்பாக்கியை ஆட்டினால் உள்ளே லொடலொட என்று கேட்பது அதுதான். அதை எடுக்காமலே விட்டுவிடலாம், ஒரு நஷ்டமும் இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறுக்கமாக இருக்கிறது என்றால் தோட்டாவைப் பாருங்கள். காகிதக் கூட்டுத் தோட்டா மழைக்காலத்தில் ஊறிப் பருத்திருக்கும். குழலைத் தனியாகக் கழற்றி, தோட்டாவை அதன் அறையில் விரலால் வைத்துப் பாருங்கள். தடையில்லாமல் முழுதும் இறங்கி, தானே வெளியே விழ வேண்டும். அப்படி விழாத தோட்டாவைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்துகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கடைசியாகக் குழாயில் நெளிவு. முன்கட்டையைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் தெரியும். நெளிவு இருந்தால் நிமிர்த்தப் பட்டறைக்குப் போகாதீர்கள்.

## விசையை இழுத்தேன், சுடவில்லை

இதற்கு இரண்டு கிளை உண்டு. சத்தமே வரவில்லையா, "டிக்" என்று மட்டும் கேட்டதா?

சத்தமே வரவில்லை என்றால் சேஃப்டியைப் பாருங்கள். விசைக்கூட்டின் குறுக்கே போகிற பொத்தான் அது. சிவப்பு வளையம் வெளியே தெரிந்தால் சுடத் தயார், தெரியாவிட்டால் பூட்டு. இடது கைக்காரருக்காகத் திருப்பிப் போட்ட சேஃப்டியும் உண்டு, வாங்கிய அன்றே பார்த்து வையுங்கள். சேஃப்டி சரியாக இருந்தால் போல்ட் முழுதும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் பல மாடல்களில் விசை வேலை செய்யாது. இரண்டும் சரி, விசை மட்டும் தொளதொளவென்று இருக்கிறது என்றால் விசைப்பெட்டிக்குள் அழுக்கோ உடைப்போ இருக்கும். அதை எங்களிடம் விடுங்கள்.

"டிக்" கேட்டது என்றால் துப்பாக்கியை அசைக்காதீர்கள். முனை பாதுகாப்பான திசையிலேயே இருக்க, குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. அப்புறம் போல்டைத் திறந்து, வந்த தோட்டாவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் இருக்கும் சின்ன செப்புப் பொட்டே என்ன நடந்தது என்று சொல்லிவிடும்.

அறையில் தோட்டாவே இல்லையா? அடிக்கடி நடப்பது இதுதான். குழாயை நிரப்பிவிட்டு அறைக்கு ஒன்றைக் கொண்டுவராமல் விசையை இழுத்திருப்பீர்கள்.

பொட்டில் தடமே இல்லை, அல்லது லேசான கீறல் மட்டும் என்றால், போல்ட் முழுதும் பூட்டிக்கொள்ளவில்லை. இனர்ஷியா வகையில் (சுடும் உதையிலேயே போல்ட் இயங்கும் பெனெல்லி மாதிரி வகை) இது வழக்கம். அதன் போல்ட் தலை கடைசி நொடியில் திரும்பிப் பூட்ட வேண்டும். சத்தம் வரக் கூடாது என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே மெதுவாக மூடினால் அந்தத் திருப்பம் முடியாது. போல்டை முழுக்கப் பின்னால் இழுத்துக் கையை எடுத்துவிடுங்கள், ஸ்பிரிங்கே அடித்து மூடட்டும். தரையில் குத்தி வைத்துத் தூக்கினாலும் போல்ட் லேசாகப் பின்வாங்கிவிடும்.

ஆழமில்லாத பள்ளம் என்றால் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். வீட்டில் இருக்கிறது என்று ஃபயரிங் பின் (பொட்டில் அடிக்கும் ஊசி) துளையில் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழி விடியலில் பாட்டிலில் வெள்ளையாக நிற்கிற அதே எண்ணெய் போல்டுக்குள்ளும் நிற்கும். பின் மந்தமாகப் போய் அடிக்கும். பகலில் சரியாகச் சுட்டது, அதிகாலையில் மட்டும் மக்கர் என்று சொன்னாலே நான் போல்டைக் கழற்றி முகர்ந்துதான் பார்ப்பேன். சாமி மாடத்து வாசனை வரும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்துக் காயவைத்து, துப்பாக்கி எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஒரு துளி தொட்டுவைத்தால் போதும்.

நல்ல ஆழமான பள்ளம் இருந்தும் வெடிக்கவில்லையா? அப்போது குற்றம் தோட்டாவின்மேல்தான், ஈரம் ஏறியிருக்கும். மறுபடி போட்டு முயலாதீர்கள். ஆற்றிலோ குப்பையிலோ எறியாமல் வாங்கிய டீலரிடமே கொடுங்கள். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் தோட்டா அடுத்த மழைக்கும் நிற்கும்.

## சுட்டது, ஆனால் காலிக் கூடு சன்னலில் சிக்கிக்கொள்கிறது

செமி-ஆட்டோ பற்றி வருகிற புகார்களில் இதுதான் பெரியது. காரணங்களும் நிறைய. மலிவானதிலிருந்து வருவோம்.

முன்கட்டையின் நுனி மூடி தளர்ந்திருக்கிறதா? கையால் இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். மூடி தளர்ந்தால் குழல் ஆடும், எல்லாமே பிசகும்.

அடுத்து தோட்டாவின் எடை. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் 24 கிராம் ரவைத் தோட்டாதான் விதி. நம் பக்கத்துப் புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட அந்தப் போட்டி. கிளப்பில் கிடைக்கிறது என்று அந்த இலேசான தோட்டாவை 76 மில்லிமீட்டர் அறையுள்ள கனமான செமி-ஆட்டோவில் போட்டால் போல்டைத் தள்ளப் போதிய உதை இருக்காது. 32 கிராம் தோட்டாவில் ஒழுங்காக ஓடினால் துப்பாக்கியில் கோளாறு இல்லை. ஆனால் உதை வேண்டுமென்று குழலில் பொறித்த அளவைவிட நீளமான தோட்டாவைப் போடக் கூடாது. 70 என்று பொறித்த அறையில் 76 தோட்டா நுழைந்துவிடும். நுழைவதுதான் ஆபத்து.

இனர்ஷியா வகை என்றால் துப்பாக்கி தோளோடு பின்னால் நகர இடம் வேண்டும். பின்கட்டையைத் தென்னை மரத்தில் முட்டுக்கொடுத்துச் சுட்டாலோ, குழலில் கனமான டார்ச்சைக் கட்டியிருந்தாலோ கூடு வெளியேறாது. வெடியின் வாயு பிஸ்டனைத் தள்ளி இயக்கும் கேஸ் வகை என்றால் முன்கட்டையைக் கழற்றிப் பிஸ்டனைப் பாருங்கள். கரி கெட்டியாகப் படிந்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பிஸ்டனிலும் அது நகரும் குழாயிலும் எண்ணெய் தடவாதீர்கள், கரியோடு சேர்ந்து பசையாகிவிடும். சில மாடல்களில் அங்கே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது வெடித்திருந்தாலும் தொலைந்திருந்தாலும் துப்பாக்கி ஒரு தோட்டாத் துப்பாக்கியாகிவிடும். வளையத்தை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

எப்போதாவது பழைய மிராசுதார் வீட்டிலிருந்து பிரௌனிங் ஆட்டோ-5 வரும். பெல்ஜியத்தில் 1902-இலிருந்து செய்த மாடல், பின்பக்கம் சதுரமாக முடியும். சுடும்போது அதில் குழலே பின்னால் நகரும். மேகசின் குழாய்மேல் இருக்கும் உராய்வு வளையங்களை இலேசான தோட்டாவுக்கு ஒருவிதம், கனமானதற்கு ஒருவிதம் மாற்றி அடுக்க வேண்டும். தாத்தா அடுக்கியது என்று அப்படியே விட்டிருப்பார்கள். கனமான தோட்டாவுக்கு இலேசான அடுக்கு இருந்தால் முன்கட்டை மரம் பிளக்கும். வளைய வரிசை தெரியாமல் சுடாதீர்கள்.

இதற்குப் பிறகு அறைத் துரு. வேதாரண்யம், நாகப்பட்டினம் கடற்கரை ஓரத் துப்பாக்கி என்றால் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். குழலைக் கழற்றி, அறைக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். காவிப் புள்ளி இருந்தால் சுட்ட கூடு அங்கே ஒட்டிக்கொள்கிறது. வெளியே வந்த கூட்டின் பித்தளைப் பகுதியில் நீளவாக்கில் கீறல் இருக்கும், அதை வைத்தே உறுதி செய்யலாம். குழல் பிரஷ் அறைக்குப் பத்தாது. அறைக்கென்று பருத்த பிரஷ் உண்டு, எண்ணெய் தொட்டுத் திருகித் தேயுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள்.

துருவுக்கு மூலகாரணம் பெரும்பாலும் துணி உறை. ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது போட்டுக் கொடுத்த உறையிலேயே திரும்ப வாங்கி, அப்படியே பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கேன்வாஸும் தோலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் தடவி, பூட்டுள்ள அலமாரியில் முனை கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். அப்போது எண்ணெய் விசைப்பெட்டிக்கும் பின்கட்டைக்கும் இறங்காது.

அறையும் சுத்தம் என்றால் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியைப் பாருங்கள். காலிக் கூட்டின் விளிம்பை அதில் மாட்டினால் நழுவாமல் நிற்க வேண்டும். நுனி உடைந்திருந்தால் கொக்கியை மாற்ற வேண்டும், அதற்குக் கடைக்கு வாருங்கள்.

## கூடு வெளியேறியது, அடுத்த தோட்டா ஏறவில்லை

இடைநடுவில் சிக்கிய தோட்டாவை விரலால் நோண்டுவதற்கு முன் சேஃப்டி போடுங்கள். மேகசின் ஸ்பிரிங் துருவேறியிருந்தாலோ குழாய்க்குள் சேறு உலர்ந்திருந்தாலோ தோட்டா மெதுவாக வரும். காலியாக இருக்கும்போது குழாய் வாயை விரலால் அமுக்கிவிட்டுப் பாருங்கள், மூடி சட்டென்று திரும்ப வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் சுத்தம் செய்யுங்கள். நுனி மூடியைக் கழற்றும்போது ஸ்பிரிங் முகத்தில் அடிக்கும், கையால் மூடிக்கொண்டு கழற்றுங்கள். சுத்தத்திற்குப் பிறகும் சோம்பலாக இருந்தால் புது ஸ்பிரிங்தான். தோட்டா குழாயிலிருந்து வந்துவிட்டது, தூக்கும் தகடு மேலே வரவில்லை என்றால் கடை வேலை.

## போல்ட் சோம்பலாக மூடுகிறது

பல மாடல்களில் போல்டைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங் பின்கட்டைக்குள் ஒரு குழாயில் இருக்கும். யாரும் அங்கே பார்ப்பதே இல்லை. வருடக்கணக்காக மேலிருந்து இறங்கிய எண்ணெயும், மழையில் இறங்கிய தண்ணீரும் சேர்ந்து உள்ளே காவிக் கூழாக நிற்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. முதலில் போல்ட் ஓடும் தடத்தைச் சுத்தம் செய்து பாருங்கள். மாற்றமில்லை என்றால் பின்கட்டையைக் கழற்றச் சரியான கருவியும் அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கை அடக்கப் பழக்கமும் வேண்டும். கொண்டுவாருங்கள்.

## "புஸ்" என்ற சத்தம்

நிறுத்துங்கள். அடுத்ததைச் சுடாதீர்கள். ரவைக்குப் பின்னால் இருக்கும் அடைப்பானோ ரவையோ குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்த தோட்டாவில் குழல் பிளக்கும். காலி செய்து, குழலைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். வீட்டில் அதைவிடச் சின்ன அளவான 20 போரும் இருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு. 20 போர் தோட்டா 12 போர் அறையைத் தாண்டி உள்ளே வழுக்கிப்போய் நிற்கும். அதன்பின் 12 போர் தோட்டாவும் ஏறிவிடும். 20 போர்க் கூடு பெரும்பாலும் மஞ்சளாக இருப்பது இதற்காகத்தான். இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள்.

## வீட்டில் தொடவே கூடாதவை

ஒரு இழுப்புக்கு இரண்டு வெடி, போல்ட் மூடும்போதே வெடி, சேஃப்டி போட்டும் விசை அடிப்பது: இந்த மூன்றில் எது நடந்தாலும் காலி செய்து பூட்டி வைத்துவிட்டுக் கடைக்குத் தகவல் சொல்லுங்கள். இன்னும் ஒரு தடவை பார்ப்போமே என்று முயலாதீர்கள்.

குழல் நுனி நெளிந்துவிட்டது, அறுத்துவிடலாம் என்று யாராவது லேத் பட்டறைக்காரர் சொல்வார். குழலைக் குறுக்குவது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் வருகிறது. துப்பாக்கி பழுதுபார்க்கவே 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். பட்டறைக்காரருக்கும் உங்களுக்கும் சேர்த்தே வம்பு.

கடைக்கு வரும்போது உரிமப் புத்தகம் கட்டாயம். துப்பாக்கி காலியாக, உறைக்குள். கூடவே கடைசியாகச் சுட்ட நாலைந்து காலிக் கூடுகளை எடுத்து வாருங்கள். நீங்கள் அரைமணி நேரம் விளக்குவதைவிட அவற்றின் அடிப்பொட்டும் பித்தளைக் கீறலும் எனக்கு அதிகம் சொல்லும். விசைப்பெட்டியை யூடியூப் பார்த்துப் பிரித்துப் பாலிதீன் பையில் அள்ளி வருவது மட்டும் வேண்டாம். தொலைந்த ஸ்பிரிங் எது என்று கண்டுபிடிப்பதற்குள் சம்பா அறுவடையே முடிந்துவிடும்.